வலப்பக்கம் மறுப்பவர்களுக்கு

மே 4

புத்தகம் அடுக்கும் தண்டனை எனக்கு. இது அடுக்குமா?

செய்த குற்றம்: பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ‘நாளை ஆசிரியர்கள் மட்டும் வந்தால் போதும்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதினேன். மறுநாள் பாதி வகுப்பு காலி. ஆசிரியர்கள் எல்லாரும் தவறாமல் வந்திருந்தார்கள். ஆக, நான் எழுதியதில் பாதி நடந்ததே! தலைமையாசிரியைக்கு அந்தப் பாதி கண்ணில் படவில்லை.

உம்மா கத்தித் தீர்த்தாள். வாப்பா சிரிப்பைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “லீவு முழுக்க நூலகத்துக்கு வா. கைக்கு வேலை இருந்தா வால் சுருண்டுக்கும்.”

அவருடைய நூலகம் செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் மேலே இரண்டு அறை. ஐந்து அலமாரி. முதலாவது சட்டம். இரண்டாவது, இறைவனையும் மனிதனையும் பற்றி வாதாடியவர்கள். மூன்றாவது தத்துவக்காரர்கள். நாலாவது சூஃபிகள். ஐந்தாவது வானியல், மருத்துவம், கணக்கு. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முஸ்லிம்கள் ஒருவரோடு ஒருவர் போட்ட சண்டை எல்லாம் இந்த ஐந்துக்குள். என் வேலை ஒவ்வொரு முதுகிலும் எண் ஒட்டுவது. பசை நாற்றம் சோற்றிலும் அடிக்கிறது.

மே 6

இன்றைய குறும்பு படுதோல்வி.

தத்துவக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒருவரின் புத்தகத்தை இரண்டாம் அலமாரியிலிருந்து உருவினேன். அவரையே கிழித்துத் தொங்கவிட்டு, நூறு வருஷம் கழித்து வந்த தத்துவக்காரரின் புத்தகத்தை மூன்றாம் அலமாரியிலிருந்து எடுத்தேன். இரண்டையும் தோளோடு தோள் ஒட்ட வைத்துவிட்டு, வாப்பா பதறுவார் என்று காத்திருந்தேன்.

பார்த்தார். பதறவில்லை. கீழ்த்தட்டிலிருந்து பழுப்பேறிய ஒரு பழைய அச்சுப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். பக்கத்தின் நடுவில் கட்டம் கட்டி ஒருவர். சுற்றிலும் ஓரத்தில், பொடி எழுத்தில், அவரை மறுப்பவர்.

“அச்சடிச்சவன் உன்னைவிடப் பெரிய குறும்புக்காரன். ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல படுக்கப் போட்டுட்டான்.”

“சண்டை போட மாட்டாங்களா?”

“அதுக்குத்தானே போட்டிருக்கு.”

மே 7

எங்கள் வீட்டில் மாலை நேரத் தொழுகை இரண்டு தடவை வரும். வாப்பா ஷாஃபி சட்டவழி. உம்மா ஹனஃபி சட்டவழி. நட்ட குச்சியின் நிழல் அதன் உயரத்துக்கு ஒரு மடங்கு நீண்டால் வாப்பாவுக்கு அஸர், அதாவது அந்த மாலைத் தொழுகை. உம்மாவுக்கு இரண்டு மடங்கு நீள வேண்டும். அந்த இடைவெளியில் தேநீர் போடச் சொன்னால், “என் அஸர் இன்னும் வரல, உங்க தேநீருக்கு என்ன அவசரம்” என்பாள் உம்மா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஒருவர் நிழலை இன்னொருவர் வெட்டிக் குட்டையாக்கியதில்லை.

ஐந்தாம் அலமாரியின் ஒரே வாசகர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவர் கேட்டார், “உங்க வீட்டுக்குக் கடிகாரம் ரெண்டு வேணுமே, ஒண்ணு நான் விக்கவா?”

இவ்வளவு ஒத்துப்போகிற வீட்டில் ஒருவனுக்கு மட்டும் இடமில்லாமல் போனது எப்படி?

சரி. அதை எழுத வேண்டாம்.

மே 9

எண் 412 வரை ஒட்டியாச்சு. ஐந்து விரலும் ஒரே விரல் ஆகிவிட்டன.

மே 12

எழுத வேண்டாம் என்றதை எழுதுகிறேன். கேட்க யார் இருக்கிறார்கள்.

வாசிப்பு அறை மேசையில் வாப்பாவின் நீள நோட்டு ஒன்று எப்போதும் திறந்து கிடக்கும். பழைய வாதங்களைத் தமிழில் எழுதி, தன் கருத்தையும் சேர்ப்பார், இடப்பக்கத்தில் மட்டும். வலப்பக்கம் வெறுமை. நோட்டின் தலையில் எழுதியிருக்கிறது: ‘வலப்பக்கம் மறுப்பவர்களுக்கு. பென்சிலில் எழுதவும். பெயர் வேண்டாம்.’ பெயரைப் பார்த்தால் வாதத்தைப் பார்க்க மாட்டோமாம்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. எதிராளி சொன்னதை, அவரே ‘ஆமா, இதைத்தான் சொன்னேன்’ என்று தலையாட்டும்படி முதலில் சொல்லிக்காட்ட வேண்டும். பிறகுதான் மறுக்கலாம். பழைய ஆட்கள் அப்படித்தான் எழுதினார்களாம்: ‘அவர்கள் இப்படிச் சொன்னால், நாம் இப்படிச் சொல்வோம்.’

இத்தனை நியாயம் பேசுகிற மனிதர், இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில் அண்ணனைப் பேசவே விடவில்லை.

அண்ணனுக்குத் தூரத்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. வாப்பா அவனை நூலகத்தில் தன்னோடு வைத்துக்கொள்ள நினைத்திருந்தார். தோற்றுப்போன பழைய கட்சிக்காரர்களைப் பற்றி அண்ணன் ஆரம்பித்தான்: “எதிரி எழுதி வெச்சதை வெச்சே எத்தனை நாளைக்கு அவங்களைப் படிக்கிறது வாப்பா? நான் அவங்களையே—”

“போதும். வாயை மூடு.”

அவ்வளவுதான். அவன் சோற்றுக்கை காய்வதற்குள் பையைக் கட்டினான். அதன் பிறகு வாப்பா வாயில் அவன் பெயர் இல்லை. யாராவது கேட்டால், “தலைக்கனம் புடிச்சுப் போயிட்டான்” என்று ஒரு வரி. இந்த வீட்டில் அவனைப் பற்றி மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.

அவன் எப்படித் தும்முவான் என்பது எனக்கு மறந்துகொண்டே வருகிறது. மூன்று தடவையா, நாலா?

மே 14

செய்துவிட்டேன்.

வாப்பாவின் இடப்பக்கம் இன்று, இரண்டாம் அலமாரிக் கட்சிகள் இரண்டின் சண்டை: ‘நல்லது எது, கெட்டது எது என்பதை அறிவே கண்டுகொள்ளும் என்றார்கள் முஃதஸிலாக்கள். அறிவுக்கு அந்தத் தகுதி இல்லை, இறைக் கட்டளை வந்து சொன்ன பிறகே தெரியும் என்றார்கள் அஷ்அரிகள்.’ வாப்பா அஷ்அரி கட்சி. அண்ணன் இருந்திருந்தால் இந்நேரம் மேசை ஆடியிருக்கும்.

மேசை ஆடவில்லை. மின்விசிறிதான் ஆடியது.

பென்சிலை எடுத்தேன். அண்ணன் இடதுகைக்காரன், அவன் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து விழும். கேள்விக்குறி தூண்டில்முள் மாதிரி, புள்ளியே இருக்காது. பள்ளி விடுப்புக் கடிதங்களில் வாப்பா கையெழுத்தை அவன் போடுவான், அவன் கையெழுத்தை நான் போடுவேன். குடும்பத் தொழில். எழுதினேன்:

‘கட்டளை எதையும் கேட்டறியாத குழந்தையும், மிட்டாயைப் பிடுங்கினால் அநியாயம் என்று அழுகிறதே. அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?’

அவர் பார்த்துக் குழம்பட்டும் என்றுதான். சத்தியமா, விளையாட்டுக்குத்தான்.

மே 15

விளையாட்டு இல்லை போலிருக்கிறது.

காலையில் வாப்பா நோட்டைப் பார்த்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். அப்புறம் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார், இரண்டு பக்கமும். கடிகாரக்காரர் வந்ததும் அலட்சியமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்:

“நேத்து நான் தொழப் போனப்ப, யாராச்சும் மாடிப்படி ஏறினாங்களா?”

“நான் ஏறினேன்.”

“உங்களைத் தவிர.”

“முள்ளு ஓடுதான்னு பார்க்கிறவன் நான். ஆளு ஓடினா எனக்கு எப்படித் தெரியும்?”

மதியம் வாப்பா பதில் எழுதினார்: ‘குழந்தை அழுவது அநியாயத்துக்காக அல்ல, மிட்டாய்க்காக. அதே குழந்தை அடுத்தவன் மிட்டாயைப் பிடுங்கும்போது அழுகிறதா?’

எழுதிவிட்டு மேசையை ஒழுங்குபடுத்தினார். எப்போதும் நோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் பென்சிலை எடுத்து, சீவி, இடப்பக்கம் வைத்தார்.

இடது கைக்கு.

 ஓரத்தில் செய்கிற வஞ்சனையைத்தான் ஓரவஞ்சனை என்கிறார்களோ? என் ஜோக்குக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை.

மே 18

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மூன்று மறுப்பு எழுதிவிட்டேன். வாப்பா மூன்றுக்கும் பதில் போட்டுவிட்டார். நூலகத்துக்கு அரைமணி முன்னதாகவே போகிறார். நடக்கும்போது வாய் அசைகிறது. உம்மா கேட்டாள், “உன் வாப்பாவுக்கு என்ன வந்துச்சு, ரெண்டாவது தடவை சோறு கேக்கிறார்?”

நான் என் பங்குக்கு இரண்டாம் அலமாரியில் விழுந்து கிடக்கிறேன். அண்ணன் மாதிரி மறுக்க அண்ணன் படித்ததைப் படிக்க வேண்டியிருக்கிறது! குறும்புக்கு இவ்வளவு வீட்டுப்பாடம் என்று முன்பே தெரிந்திருந்தால் நல்ல பிள்ளையாக இருந்திருப்பேன்.

இன்று படித்தது: அந்த முஃதஸிலாக்கள் எழுதியதில் பெரும்பகுதி தொலைந்துபோனதாம். பல நூற்றாண்டுகள் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவர்களை மறுத்தவர்களின் புத்தகங்கள் வழியாகத்தான் தெரிந்திருக்கிறது. போன நூற்றாண்டில்தான் அவர்களின் சொந்தப் புத்தகங்கள் சில, ஒரு பழைய பள்ளிவாசலின் சுவடிக் குவியலில் கிடைத்தனவாம்.

அப்படியானால் எங்கள் வீட்டில் அண்ணனும் முஃதஸிலாதான். அவனை எதிர்த்தவரின் வாயில் ஒரே ஒரு வரியாக இருக்கிறான்.

மே 20

அந்த ‘அடுத்தவன் மிட்டாய்’ பதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. என் சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பா தொழுகைக்குப் போயிருக்கும்போது அண்ணன் உம்மாவின் போனுக்குக் கூப்பிடுவான். எனக்கு இரண்டு நிமிஷம். வழக்கமாக அதில் ஒன்றரை நிமிஷம் ஒருவரை ஒருவர் திட்டுவோம்.

“என்னடி குரங்கே, இந்த வாரம் எந்த மரம்?”

“நூலகம். டேய், ஒரு சந்தேகம்.” வாப்பாவின் பதிலை என் கேள்வி போலக் கேட்டேன்.

 அவன் பக்கத்தில் எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது.

“அடுத்தவன் மிட்டாயைப் புடுங்கும்போது அழாது. சரிதான்” என்றான். “ஆனா புடுங்கினதை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுக்கும். ஏன் ஒளிக்குது?”

ஐயோ. அவன்தான். அப்படியே அவன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், காது வலித்தது.

“ஏய், இருக்கியா?”

“இருக்கேன். நீதான் இல்ல.”

 உம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

மே 21

அவன் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி வைத்தேன்.

வாப்பா படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வாசிப்பு அறையில்! சத்தம் கூடாது என்று தானே எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே! கடிகாரக்காரர் பூதக்கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு வருஷம் ஆச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு.

மே 22

நாலாம் அலமாரியில் எண் ஒட்டும்போது திறந்த பக்கத்தில்: ஏக்கம் என்பது எதிரில் இல்லாதவரைக் குறித்துத்தான், வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் ஒரு சூஃபி. இல்லை, கிட்டே வந்த பிறகுதான் அது பெருகும் என்கிறார் இன்னொருவர். இவர்களுமா! ஏங்குவதில்கூட இரண்டு கட்சி.

எனக்கு எந்தக் கட்சி என்று சொல்ல, அவன் முதலில் கிட்டே வர வேண்டுமே.

மே 24

இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாப்பா இன்று எழுதியிருப்பது வாதமே இல்லை. இடப்பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்:

‘ஒளித்து வைப்பது பற்றிச் சொன்னீர்கள். ஒளிந்து நின்று எழுதுபவர் நேரில் வந்து சொன்னால் கேட்கக் காத்திருக்கிறேன். இந்த முறை சொல்லி முடிக்கும்வரை கேட்பேன்.’

இந்த முறை.

மே 26

வலப்பக்கம் வெறுமை. வாப்பா நாற்காலியை மாடிப்படியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்கிறார். கீழே இருப்பது செருப்புக் கடை. நாள் முழுக்க நிமிர்கிறார்.

மே 27

வெள்ளி. உம்மாவிடம் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். திட்டுவான் என்று தெரியும். இப்படித் திட்டுவான் என்று தெரியாது.

“என் குரல்ல நீ பேசினியா?”

“விளையாட்டுக்குத்தான்…”

“அங்க நான் சொல்லாததை எல்லாம் நான் சொன்னதா ஆக்கிட்டே. அவர் என்னை வாயே திறக்க விடல. நீ என் வாயையே எடுத்துக்கிட்டே. ரெண்டு பேருக்கும் என்னடி வித்தியாசம்?”

“டேய், சொல்லி முடிக்கும்வரை கேக்கிறேன்னு அவர் எழுதியிருக்கார்டா. படியையே பார்த்துட்டு உக்கார்ந்திருக்கார். வாடா. ஒரே ஒரு நாள்.”

“அது எனக்கு எழுதினது இல்ல. நீ செஞ்ச பொம்மைக்கு எழுதினது. எனக்கு அவர் இன்னும் ஒரு வரி எழுதல.”

வைத்துவிட்டான்.

அழக்கூடாதுன்னு இருந்தேன். முடியல. உம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் விரலில் காய்ந்திருந்த பசையை ஒவ்வொன்றாக உரித்தாள். “உன் வாப்பாகிட்டச் சொல்லிடு” என்றாள். “பொம்மையைப் பார்த்துச் சிரிக்கிற மனுஷனை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.”

மே 28

சொல்லிவிட்டேன்.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நின்றுகொண்டே சொன்னேன். அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் நீண்ட நேரம் நோட்டையே பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா வாப்பா?”

“ரெண்டாம் நாளே தெரியும்னு சொல்ல ஆசைதான்.” கண்ணாடியைக் கழற்றினார். “தெரியல. தெரிஞ்சுக்க மனசு வரல.”

பிறகு அவர் கேட்டதுதான் நான் எதிர்பார்க்காதது. பென்சிலை என்னிடம் நீட்டி, “எது நீ, எது அவன்? பிரிச்சுக் காட்டு” என்றார்.

விளங்கவில்லை.

“ஒருத்தர் சொன்னதா ஒரு சொல் வந்தா, யார் கேட்டது, யார்கிட்டக் கேட்டது, எப்பக் கேட்டதுன்னு பார்க்காம எடுத்துக்க மாட்டோம். அதுக்குன்னே வாழ்க்கையைக் கொடுத்தவங்க இருக்காங்க. நீ அவன்கிட்டக் காதால கேட்டது எது? நீயே கட்டினது எது?”

ஒவ்வொரு வரியாகப் போனோம். ‘குழந்தை அழுகிறதே’ — நான். அதற்குப் பிறகு இரண்டு — நான். ‘ஏன் ஒளிக்குது’ — அவன், போன வார வெள்ளி, போனில், உம்மாவும் பக்கத்தில். எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்! அவனுடையது ஒன்றே ஒன்றுதான் தேறியது.

“வேற? எப்பவாச்சும் சொன்னது?”

தயங்கினேன். பிறகு சொன்னேன்: “‘எதிரி எழுதி வெச்சதை வெச்சே எத்தனை நாளைக்கு அவங்களைப் படிக்கிறது. நான் அவங்களையே…’ சாப்பாட்டு மேசைல. நானும் இருந்தேன். நீங்களும் இருந்தீங்க.”

வாப்பா தலையாட்டினார். “ஆமா. அதை நானும் கேட்டேன்.”

மே 30

வாப்பா புது நோட்டு ஒன்று எடுத்தார். இடப்பக்கத்தில் — தான் எழுதும் பக்கத்தில் — அண்ணனின் அந்த இரண்டு வரிகளை மையால் எழுதினார். முடியாமல் நின்ற வரியை, பாதியிலேயே நிறுத்தி, அப்படியே எழுதினார். அதற்குக் கீழே: ‘இதற்கு மேல் அவன் என்ன சொல்ல இருந்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவன் இப்படிச் சொல்ல நினைத்திருக்கலாம்:’ என்று தொடங்கி, இரண்டு பக்கம். அண்ணனின் கட்சியை. அண்ணனே சொல்லியிருந்தாலும் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பானா தெரியாது. தன்னைத் தானே அடித்துப்போட்டிருக்கிறார் மனிதர்.

தன் பதிலை வலப்பக்கத்தில், பென்சிலில் எழுதினார். நாலே வரி.

அதை நான் படிக்கக் கூடாதாம். நானும் படிக்கவில்லை. (கடைசி வரியை மட்டும். ‘பிழையிருந்தால் அழிக்கவும்.’)

மதியம் தபால் நிலையத்துக்கு நானும் போனேன். முகவரியை நான் சொன்னேன், அவர் எழுதினார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவன் பெயர் அவர் கையிலிருந்து வந்தது. தபால் ஊழியர் “உள்ளே என்ன?” என்று கேட்டார். வாப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நோட்டு” என்றேன் நான்.

ஜூன் 3

வெள்ளி. போன் வரவில்லை. உம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தேநீரைப் பொங்கவிட்டாள்.

ஜூன் 6

எண் 1,130. அலமாரி ஐந்தும் முடிந்தன. தண்டனை முடிந்துவிட்டது. நாளையும் போவேன்.

ஜூன் 9

தபால் வந்தது! அதே நோட்டு. வாப்பா உறையைக் கிழிக்காமல் கத்தரியால் வெட்டினார், பிரேதப் பரிசோதனை மாதிரி. அவர் அண்ணனுக்காக எழுதியிருந்த இரண்டு பக்கத்திலும் பென்சில் திருத்தம், இடப்பக்கம் சாய்ந்து. சாய்வு பார்க்கப் பார்க்க எனக்குத் தெரிந்தது — நான் போட்டது எவ்வளவு மோசமான நகல் என்று. அவன் எழுத்து அப்படி விழவே இல்லை. நின்றுகொண்டுதான் சாய்கிறது.

ஓர் இடத்தில் ‘இல்லை’. இன்னோர் இடத்தில் ‘இதை நான் நினைக்கவில்லை, ஆனால் நல்ல வாதம், எடுத்துக்கொள்கிறேன்’. முடியாமல் நின்ற வரிக்கு எதிரே பக்கம் முழுக்க, அடுத்த பக்கமும், அதற்கு அடுத்ததும்.

வாப்பா மூன்று தடவை படித்தார். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய் முகம் கழுவினார்.

ஜூன் 10

உம்மாவின் போன் அடித்தது. வெள்ளிதான், ஆனால் தொழுகைக்குப் பிறகு. அதாவது வாப்பா வீட்டில் இருக்கிற நேரம். தெரிந்தேதான் அடித்திருக்கிறான்.

உம்மா எடுக்கவில்லை. வாப்பா முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“ம்” என்றார் வாப்பா. பிறகு, “சொல்லு. நான் கேக்கிறேன்.”

நாற்பது நிமிஷம் கேட்டார். கடிகாரக்காரரே வந்து அளந்தாலும் நாற்பதுதான். இடையில் பேசியது “ம்”, “ம்”, ஒரு “அப்படியா?”. எனக்கு எப்போதும் கிடைக்கும் இரண்டு நிமிஷம்கூட இன்று கிடைக்கவில்லை. அவன் என்னைக் கேட்கவும் இல்லை.

இதற்குத்தானே இவ்வளவும் செய்தேன்? அப்புறம் ஏன் போனைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது? ஒரு மாசமாக அவன் என் விரல் நுனியில் இருந்தான். இப்போது அவன் அவனிடமே போய்விட்டான். கிட்டே வந்த பிறகுதான் பெருகும் என்ற சூஃபிக்கு என் ஓட்டு.

ஜூன் 15

தினம் பேசுகிறார்கள். பேச்சா அது! நேற்று வாப்பா போனைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி மறுத்ததில் தேநீர்க் கோப்பை போனது. உம்மா, “நேர்ல இருந்தா செலவு கம்மி” என்று கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

இன்று பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்தேன். போனை மேசையில் வைத்து, அண்ணன் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி செய்துவிட்டுச் சொன்னேன்:

“எனக்கு ஒரு மறுப்பு. என் சொந்த மறுப்பு.”

“சொல்லுடி நகல் ராணி” என்றது போன்.

“நான் பொய்யா எழுதினது தப்புன்னு எனக்கு அறிவும் சொல்லல. கட்டளை எதுவும் அப்ப ஞாபகத்துக்கும் வரல. வாப்பா முகத்தைப் பார்த்தேன். தெரிஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு பேரும் ஆயிரம் வருஷமா அறிவா, கட்டளையான்னு அடிச்சுக்கிறீங்க. முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சது எந்தக் கட்சி?”

உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு வாப்பாவும் போனும் ஒரே நேரத்தில்: “அது வாதமே இல்ல!”

ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் மாறி மாறி என்னைக் கிழித்தார்கள். முகம் பார்த்துத் தெரியுமென்றால் நாம் முகமே பார்க்காதவனுக்கு நியாயம் கிடையாதா என்றான் அவன். சரியான கேள்வி என்றார் இவர். இவர் ஆரம்பித்ததை அவன் முடித்தான். என் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. உம்மாகூட “அவங்க சொல்றது சரிதானே” என்றாள்.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வாப்பாவும் அண்ணனும் ஒரே கட்சி. எனக்கு எதிராக.

ஜூன் 18

காலையில் எழுந்து மொட்டை மாடிக்குப் போனால், அண்ணனின் மெத்தை வெயிலில் கிடக்கிறது. உம்மா பிரம்பால் தட்டிக்கொண்டிருக்கிறாள். வாப்பா மறுபக்கத்தைப் பிடித்திருக்கிறார்.  ஏன் என்று நான் கேட்கவில்லை.

கீழே வந்து என் மறுப்பை முதலிலிருந்து எழுதுகிறேன், என் சொந்த எழுத்தில். முகமே பார்க்காதவனைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்த மெத்தைக்கு ஆள் வந்து சேர்வதற்குள் கிடைத்தாக வேண்டும். அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி.